கதிர்வீச்சுக் கண்காணிப்பு யாருக்கு வேண்டும்?

(திண்டுக்கல் வட்டாரத்து ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களுள் சிலருக்கு வியப்பைத் தரலாம். கிணறு, குளம், விதை, எரு, பாதை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றி ஆலோசிக்கும் இடத்தில் கதிர்வீச்சைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், எக்ஸ்ரே யந்திரம் இன்று பட்டணத்து ஆஸ்பத்திரியின் உள்ளறையில் மட்டும் இருக்கும் பொருளன்று. திண்டுக்கல் நகரில் 2022ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் திறந்து வைக்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நகரிலும் சுற்றுப்புறத்துச் சிற்றூர்ப் பட்டணங்களிலும் அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் பல இருக்கின்றன. இவையன்றி, காசநோயைக் கண்டறியும் முகாம்களுக்காக எக்ஸ்ரே வண்டியே ஊருக்குள் வந்து நிற்கும் காலம் இது. கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறு எக்ஸ்ரே கருவிகளும் வந்துவிட்டன. நாடெங்கும் 347 மாவட்டங்களில் 2024ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் தொடங்கிய நூறு நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தில் இத்தகைய கருவிகள் பெரிதும் பயன்பட்டன.

இம்முகாம்களுக்கு இடம் கொடுப்பது யார்? ஊராட்சி மன்றம். மின் இணைப்புக் கொடுப்பது, பந்தல் போடுவது, மக்களைத் திரட்டுவது யார்? ஊராட்சி மன்றமே. அங்கு வேலை செய்யும் தொழிலாளரும் நம் ஊர்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளே. ஆகவே, அவர்களுள் யாருடைய உடலில் எவ்வளவு கதிர் படுகிறது என்பதை அளந்து பார்க்க வேண்டும், யாருக்கு அது வேண்டுவதில்லை என்பதை ஊராட்சி உறுப்பினர் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

அனுபவம் கற்பித்த பாடம்

ஜெர்மனி நாட்டு அறிஞர் ராண்ட்ஜன் 1895ஆம் ஆண்டில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். உடம்பைக் கீறாமலே எலும்பைக் காணலாம் என்றதும் உலகமே மகிழ்ந்தது. அக்கதிர் உடலைக் கெடுக்கவும் வல்லது என்பதை அன்று எவரும் அறியார். அமெரிக்காவில் எடிசனிடம் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி என்பவர் நாள்தோறும் தம் கையையே கதிருக்கு எதிரே நீட்டிச் சோதனை செய்துவந்தார். கைகள் புண்ணாகிப் புற்றுநோயாக மாறின. கைகளை வெட்டி எடுத்தும் பயனின்றி 1904இல் அவர் இறந்தார். நோயாளி ஒரு நாள் வந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்; தொழிலாளியோ ஒவ்வொரு நாளும் அங்கேயே நிற்கிறார். ஆதலின் கேடு முதலில் தொழிலாளியையே சூழ்கிறது என்னும் உண்மை இவ்வாறு தெரியவந்தது.

நம் மாநிலத்தில் 1934ஆம் ஆண்டிலேயே சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் அமைந்தது. இன்று நம் நாட்டில் இத்துறையை மேற்பார்க்கும் பொறுப்பு, 1983ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தினுடையது. ஒரு சிற்றூரில் எக்ஸ்ரே யந்திரம் வைப்பதற்கும் அவ்வாரியத்தின் அனுமதி வேண்டும்.

பாட்ஜ் என்பது யாது?

எக்ஸ்ரே அறையில் வேலை செய்வோர் மார்பில் ஒரு சிறிய பெட்டியைக் குத்தியிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். டி.எல்.டி. பாட்ஜ் என்று அதனைச் சொல்வார்கள். அதனுள் ஒரு வகை உப்புக் கலந்த மூன்று சிறு வில்லைகள் இருக்கின்றன. கதிர் படும்போது அவ்வில்லைகள் அதன் சக்தியைத் தம்முள் சேமித்து வைக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவற்றை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சூடாக்கினால், சேமித்த சக்தி ஒளியாக வெளிப்படும். ஒளியின் அளவைக் கொண்டு, அணிந்தவர் மேல் பட்ட கதிரின் அளவைக் கணக்கிடுகிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். மழைமானி மழையைத் தடுப்பதில்லை. பெய்த மழை எவ்வளவு என்று சொல்லுகிறது. அதுபோலவே பாட்ஜும் கதிரைத் தடுப்பதில்லை. பாட்ஜ் அணிந்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று கதிருக்கு அருகில் நிற்பவர், மழைமானியைக் குடையாக எண்ணி நனைபவரை ஒப்பர். காப்பு என்பது வேறு. கதிர் படும் நேரத்தைக் குறைத்தல், தூரத்தைக் கூட்டுதல், இடையே ஈயத்தாலோ சுவராலோ மறைப்பு அமைத்தல் ஆகிய மூன்றுமே காப்பு. அம்மூன்றும் சரியாக நடைபெறுகின்றனவா என்று சாட்சி சொல்வதே பாட்ஜின் வேலை.

ஒவ்வொரு வயலிலும் ஒரு மழைமானியை எவரும் நடுவதில்லை. எங்கே அளந்தால் பயனோ அங்கேதான் நடுகிறோம். தொழிலாளரைக் கண்காணிப்பதிலும் இதுவே முறை.

சட்டம் வகுத்த அளவு

கதிரின் அளவை மில்லிசீவர்ட் என்னும் அலகால் குறிப்பிடுவர். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உண்ணும் உணவிலிருந்தும் இயற்கையாகவே மனிதர் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. இதற்கு மேல், செயற்கை மூலங்களால் பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மிகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. நோயாளி தம் சிகிச்சைக்காகப் பெறும் கதிர் இக்கணக்கில் சேராது. கதிர்வீச்சுத் தொழிலாளருக்கு ஐந்து ஆண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்; எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டலாகாது. பதினெட்டு வயது நிரம்பாதவரை இவ்வேலையில் அமர்த்துதல் கூடாது.

2004ஆம் ஆண்டின் அணுசக்திக் கதிர்வீச்சுக் காப்பு விதிகள், இச்சராசரி வரம்பில் பத்தில் மூன்று பங்குக்கு மேல், அதாவது ஆண்டுக்கு 6 மில்லிசீவர்ட்டுக்கு மேல் பெறக்கூடியவரைத் தனி வகையினராகப் பிரித்துக் கூடுதல் கவனத்துக்கு உரியவராக்குகின்றன. அப்படியானால் அதற்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பாட்ஜ் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். எக்ஸ்ரே யந்திரத்தை இயக்குவோர் பாட்ஜ் அணிதல் நம் நாட்டு வழக்கம். ஏனெனில், ஒருவர் பெறும் கதிர் குறைவு என்பது நாம் போட்ட கணக்கு. அக்கணக்கு மெய்யா என்று சரிபார்க்க ஒரு சான்று வேண்டுமல்லவா?

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஒருவருக்குக் கண்காணிப்பு வேண்டுமா என்பதை அவருடைய பதவியின் பெயரைக் கொண்டு முடிவு செய்யலாகாது. அவர் செய்யும் வேலையைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். நாம் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுவே. இதற்கு மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது: கதிர் வெளிப்படும் நேரத்தில், மறைப்புக்கு அப்பால் நில்லாமல், அவ்விடத்திலேயே இருப்பது அவருடைய வாடிக்கையான வேலையா?

இரண்டாவது: நேரம், தூரம், மறைப்பு ஆகியவற்றைக் கொண்டு ஓராண்டுக்குக் கணக்கிட்டால், பொதுமக்களுக்குரிய 1 மில்லிசீவர்ட் என்னும் எல்லையை அவர் தாண்டக்கூடுமா?

மூன்றாவது: யந்திரமோ மனிதரோ தவறினால், சிறிது நேரத்துக்குள் பெரிய அளவு கதிர் அவர் மேல் படக்கூடுமா?

இவற்றுள் ஒன்றுக்கேனும் ஆம் என்பது விடையாயின், அவர் பெயர் கண்காணிப்புப் பட்டியலில் இருத்தல் வேண்டும்.

ஒரு கணக்கு

வேடசந்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் காசநோய் முகாம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். படம் எடுக்கும்போது நோயாளியின் உடம்பில் பட்ட கதிரில் ஒரு சிறு பகுதி நாலா பக்கமும் சிதறுகிறது. சிதறிய கதிர் ஒரு மீட்டர் தூரத்தில் படம் ஒன்றுக்கு 0.2 மைக்ரோசீவர்ட் என்று கணக்குக்காகக் கொள்வோம். ஆயிரம் மைக்ரோசீவர்ட் சேர்ந்தது ஒரு மில்லிசீவர்ட். தூரம் இரு மடங்கானால் கதிர் நான்கில் ஒன்றாகக் குறையும். ஐந்து மடங்கானால் இருபத்தைந்தில் ஒன்றாகிவிடும்.

இயக்குபவர் 2 மீட்டர் தள்ளி நிற்கிறார். நாளொன்றுக்கு 100 படம், ஆண்டுக்கு 100 நாள் முகாம். அவர் ஈய அங்கி அணியாவிடினும் ஓராண்டில் பெறுவது 0.5 மில்லிசீவர்ட். 5 மீட்டருக்கு அப்பால் மேசை போட்டுப் பெயர் எழுதும் ஊராட்சி ஊழியர் அந்த ஒரு நாளில் பெறுவது 0.8 மைக்ரோசீவர்ட். இயற்கை நமக்கு மூன்று மணி நேரத்தில் கொடுக்கும் அளவே அது. வண்டி ஓட்டி வந்தவர் படம் எடுக்கும் நேரத்தில் மரத்தடியில் இருந்தால் அவர் நிலையும் அதுவே. ஆகவே இயக்குபவருக்குப் பாட்ஜ் வேண்டும். பெயர் எழுதுபவருக்கும், வரிசையைச் சீர்செய்யும் உறுப்பினருக்கும், தள்ளி நிற்கும் வண்டியோட்டிக்கும் வேண்டுவதில்லை.

இனி வேறொருவரைப் பார்ப்போம். ஒரு மருத்துவமனையில் குழந்தைகளையும் தள்ளாத முதியோரையும் படம் எடுக்கும்போது அசையாமல் பிடித்துக்கொள்ளும் உதவியாளர் ஒருவர் இருக்கிறார். அவருடைய பதவி துப்புரவுப் பணியாளர் என்றோ வார்டு உதவியாளர் என்றோ ஏட்டில் இருக்கும். நோயாளிக்கும் அவருக்கும் இடையே அரை மீட்டர்தான். அரை மீட்டரில் கதிர் நான்கு மடங்காகி 0.8 மைக்ரோசீவர்ட் ஆகிறது. நாளுக்கு 20 பேர், ஆண்டுக்கு 250 நாள் என்றால் மொத்தம் 4 மில்லிசீவர்ட். இயக்குபவர் பெற்றதைப் போல் எட்டு மடங்கு! நேர்க்கதிரின் குறுக்கே அவர் கை நீண்டுவிட்டால் அக்கையில் படுவது இதனினும் பன்மடங்கு. ஆனால் பாட்ஜ் இருப்பதோ இயக்குபவர் மார்பில். உதவியாளர் மார்பில் ஒன்றும் இல்லை. அளக்கப்படாத இடத்தில்தான் அதிகம் பெய்திருக்கிறது.

இதற்குப் பரிகாரம் அவருக்கும் ஒரு பாட்ஜ் வாங்கிக் கொடுப்பது மட்டுமன்று. ஒருவரையே என்றும் பிடித்துக்கொள்ளும் வேலைக்கு வைத்தல் முறையன்று என்பதே முதல் விடை. தாங்கிப் பிடிக்கும் சாதனங்களைப் பயன்படுத்த வேண்டும். இயலாதபோது குழந்தையின் உறவினர் ஒருவர், கர்ப்பிணியாக இல்லாதவர், ஈய அங்கி அணிந்து அந்த ஒரு முறை பிடித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் ஊழியர் ஒருவர் வாடிக்கையாக உள்ளே நிற்க நேருமாயின், ஏட்டில் அவர் பதவி எதுவாயினும், அவர் கதிர்வீச்சுத் தொழிலாளரே.

அறுவைச் சிகிச்சை அறையிலும் இதே நிலை காணப்படும். எலும்பு முறிவுக்குச் சி-ஆர்ம் என்னும் யந்திரத்தின் துணையால் படத்தைப் பார்த்துக்கொண்டே சிகிச்சை செய்கிறார்கள். இருதயக் குழாய்ச் சிகிச்சையும் அவ்வாறே. இங்கே கதிர் ஒரு நொடியில் முடிவதன்று. பல நிமிஷம் நீடிக்கும். மருத்துவர், உதவி மருத்துவர், கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் ஆகியோர் நோயாளியை ஒட்டியே நிற்கிறார்கள். அவர்கள் அனைவருக்கும் பாட்ஜ் அவசியம். வெளியே சீட்டு எழுதுபவருக்கும், காந்த சக்தியால் இயங்கும் எம்.ஆர்.ஐ. அறையில் இருப்பவருக்கும், ஒலியலையால் இயங்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பவருக்கும் அவ்வேலைகளுக்காகப் பாட்ஜ் வேண்டுவதில்லை.

கையில் தூக்கும் சிறு கருவிகளைப் பற்றி ஒரு சொல். கருவியைக் கையிலேயே பிடித்து இயக்கினால் தூரம் என்னும் காப்புக் கிட்டாமற்போகிறது. ஆதலால் அதனைத் தாங்கியின் மேல் நிறுத்தித் தள்ளி நின்று இயக்குதல் நன்று. அதனை இயக்குபவருக்குப் பாட்ஜ் இன்றியமையாதது.

மூன்றாவது கேள்வியின் பொருள்

நம் வட்டாரத்து இளைஞர் பலர் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் சென்று குழாய்ப் பாதைகளிலும் எண்ணெய் ஆலைகளிலும் வேலை செய்கிறார்கள். அங்கே பற்றவைத்த குழாயில் வெடிப்பு உண்டா என்று பார்க்க, இரிடியம் என்னும் கதிரியக்கப் பொருளைக் கொண்டு படம் எடுப்பது வழக்கம். சாதாரண நாளில் அவ்வேலையாள் பெறுவது சிறிதே. ஆனால் அப்பொருள் தன் பெட்டிக்குள் திரும்பாமல் வெளியே தங்கிவிட்டால், சில நிமிஷத்துக்குள் கை வெந்துபோகும் அளவு கதிர் படக்கூடும். மூன்று மாதம் கழித்துப் பேசும் பாட்ஜ் இங்கு மட்டும் போதாது. கதிர் மிகுந்தால் உடனே ஒலியெழுப்பும் அளவுமானியும் வேண்டும். பாட்ஜும் அதுவும் இன்றி உதவியாளாகப் போய்ப் பெட்டியைத் தூக்காதே என்று நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லி அனுப்ப வேண்டும்.

யாருக்கு வேண்டா?

உழவர்கள் கேட்கும் சில கேள்விகளுக்கும் விடை கூறுவோம். பொட்டாஷ் உரத்திலும் சிறுமலை வாழைப்பழத்திலும் பொட்டாசியம் இருக்கிறது. பொட்டாசியத்தின் ஒரு சிறு பகுதி இயற்கையாகவே கதிர் வீசுவது. ஆயினும் அது மிகச் சொற்பம். உரம் தூவுபவருக்கோ வாழைத்தார் சுமப்பவருக்கோ பாட்ஜ் தேவையில்லை. டிராம்பே அணு ஆராய்ச்சி மையம் கதிரைக் கொண்டு உருவாக்கிய நிலக்கடலை விதையும் கதிரியக்கம் உடையதன்று. நாசிக் பக்கத்து லாசல்காவ் ஊரில் முளை விடாதிருக்க வெங்காயத்துக்குக் கதிரூட்டும் ஆலை ஒன்று இருக்கிறது. அவ்வாறு கதிரூட்டிய வெங்காயம் கதிர் வீசாது. ஆலைக்குள் யந்திரத்தைப் பேணுபவருக்குப் பாட்ஜ் வேண்டும். சந்தையில் மூட்டை தூக்குபவருக்கு வேண்டா.

செல்போன் கோபுரத்திலிருந்து வருவது வேறு வகை அலை. அதனை இப்பாட்ஜ் அளக்கவும் அளக்காது. கல் குவாரியில் வேலை செய்வோருக்கு முதற்பகை கல்தூசி; அவர்களுக்கு வேண்டுவது தூசி எழாமல் நீர் தெளித்தலும், முகக்காப்பும், நுரையீரல் சோதனையும். வெல்டிங் செய்வோருக்கு வேண்டுவது கண்காப்பு. தோல் பதனிடுவோருக்கு வேண்டுவது இரசாயனம் படாத கையுறை. தேவையற்ற பாட்ஜை ஒருவருக்கு மாட்டிவிட்டு, அவருக்கு உண்மையில் தேவையான காப்பை மறந்துவிடுதல் பெரும் பிழை. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில், தோரியம் அடங்கிய மோனசைட் மணலைப் பிரித்தெடுக்கும் தொழிலாளரின் நிலை வேறு. அவர்கள் நாள்தோறும் கையாளுவது கதிர் வீசும் பொருளையே. ஆதலால் அவர்களுக்குக் கண்காணிப்பு உரியது. மண்ணில் வேலை என்று பெயரால் ஒன்றாயினும், வேலையின் தன்மையால் இவை வேறு வேறு.

பாட்ஜால் தீராத அபாயம்

2010ஆம் ஆண்டு டில்லி மாயாபுரியில் நடந்ததையும் அறிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் பயனின்றிக் கிடந்த கதிரூட்டும் கருவி பழைய இரும்பாக ஏலம் போயிற்று. அதனுள் கோபால்ட்-60 இருந்ததை அறியாத கடைத் தொழிலாளர் அதனைப் பிரித்தனர். பலர் கடுமையாக நோயுற்றனர், ஒருவர் இறந்தார். அவர்களுக்கு முன்னதாகப் பாட்ஜ் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்வது பொருந்தாது. அப்பொருள் அவர்கள் கைக்கு வந்திருக்கவே கூடாது என்பதே பொருந்தும். திண்டுக்கல் பூட்டுத் தொழிலாலும் இரும்பு வேலையாலும் பெயர் பெற்ற ஊர். பழைய இரும்புக் கடைகள் இங்கும் உண்டு. மஞ்சள் நிலத்தில் மூன்று இதழ் கொண்ட விசிறி போன்ற சின்னம் பொறித்த பெட்டியோ, காரணமின்றி மிகுந்த கனமுள்ள ஈயக்கூடோ வந்தால் அதனை உடைக்கலாகாது. தள்ளி நின்று, பிறரையும் அருகே விடாமல், போலீசுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

ஊராட்சியின் இடத்தில் முகாம் நடக்கும்போது, யந்திரத்தை இயக்குபவர் தம் பெயருக்குரிய பாட்ஜை அணிந்திருக்கிறாரா என்று மரியாதையுடன் கேளுங்கள். ஈய அங்கி அணிந்தால் பாட்ஜ் அதற்கு உட்புறம் மார்பில் இருக்க வேண்டும். ஒருவர் பாட்ஜை மற்றவர் அணியலாகாது. மேசை அறைக்குள் பூட்டி வைத்த பாட்ஜ் அணிந்தவர் பெற்ற கதிரைச் சொல்லாது. எக்ஸ்ரே அறையிலேயே தொங்கவிட்ட பாட்ஜோ அவர் பெறாத கதிரையும் சேர்த்துச் சொல்லும். படம் எடுக்கும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டிக் கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்கள். யந்திரத்தை வீடுகளும் பள்ளி அறைகளும் உள்ள பக்கம் நோக்கி வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வேலையில் இருக்கும் உங்கள் மகனுக்கோ மகளுக்கோ மருமகளுக்கோ இதனைச் சொல்லுங்கள். பாட்ஜ் பெற்றுத் தருவது வேலை கொடுப்போர் கடமை. ஆண்டுதோறும், கேட்கும்போதும், வேலையை விட்டு விலகும்போதும் தம் கதிர் அளவுக் கணக்கைப் பெறத் தொழிலாளருக்கு விதிகள் உரிமை அளித்திருக்கின்றன. இன்று பெற்ற கதிரின் விளைவு இருபது ஆண்டு கழித்தும் தோன்றலாம். அன்று அவர் கையில் இருக்கும் சாட்சி அந்தக் கணக்கு ஒன்றே. கண்காணிக்கப்படாதவருக்குக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாதவர் தம் நோய்க்குக் காரணம் கேட்டு நியாயம் பெறுவது அரிது. பெண் ஊழியர் கர்ப்பமுற்றால் அதனை உடனே தெரிவிக்க வேண்டும். வயிற்றிலுள்ள சிசுவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படாதவாறு வேலைமுறையை மாற்றித் தருதல் வேண்டும். அதனையே காரணமாக்கி அவரை வேலையினின்று நீக்குதல் முறையன்று.

எக்ஸ்ரே நமக்கு மிகப் பெரிய நன்மை. காசநோயை முளையிலேயே கண்டு எத்தனையோ குடும்பங்களைக் காக்கிறது. ஆகவே அதனைக் கண்டு அஞ்சி முகாமைத் தடுத்தல் கூடாது. நமக்கு நன்மை செய்ய வந்தவர் அதனால் கெடாதிருக்கப் பார்ப்பதும் நம் பொறுப்பே. அடுத்த முறை உங்கள் ஊருக்கு எக்ஸ்ரே வண்டி வரும்போது, அதில் பெரிய பதவியில் வந்திருப்பவர் யார் என்று பார்ப்பதோடு நில்லாமல், கதிருக்கு மிக அருகில் நிற்பவர் யார், அவர் மார்பில் பாட்ஜ் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையாயின் அங்கேயே கேளுங்கள்.